வீட்டுக்குள் வந்த தபாலாபீஸ்

1

இறந்துபோன நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரைச் சில மாதங்களுக்கு முன் அவருடைய மனைவி என்னிடம் ஒப்படைத்தார். நண்பர் கவிஞர். ஒரு சிறுபத்திரிகையைச் சில இதழ்கள் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர். 'அவர் எழுதினது ஏதாவது இதுக்குள்ளே இருந்தா எடுத்துக் குடுங்கண்ணே. எனக்கு இதைத் தொறக்கத் தெரியலே' என்றார். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய இயந்திரம். உயிர் வரவில்லை. பழுது பார்ப்பவர் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்தார். அதை என் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். நண்பர் தன் இயந்திரத்துக்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்திருந்தார். அது அந்த இயந்திரத்தின் வாசலில் நின்ற காவல். வேறு வாசல் வழியாக வந்த டிஸ்க் என்னை எதுவும் கேட்கவில்லை.

கவிதைகள் என்று தனியாக இருந்த இடத்தில் பத்துக்கு மேல் இல்லை. எனக்கு அது ஆச்சரியம் தரவில்லை. அவர் கவிதைகளைக் கடிதங்களில்தான் எழுதினார். நண்பர்களுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் ஏழெட்டு வரிகளை வைத்து 'இது தேறுமா?' என்று கேட்பது அவர் வழக்கம். ஆகவே கடிதங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. 1998லிருந்து 2004 வரை வந்தவற்றையெல்லாம் மின்னஞ்சல் புரோகிராம் ஒரே ஃபைலில் அடுக்கி வைத்திருந்தது. அந்தப் புரோகிராம் என்னிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை. எந்த எழுத்தையும் காட்டும் சாதாரண எடிட்டர் ஒன்றில் ஃபைலைத் திறந்ததும் கடிதங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. தமிழ் எழுத்துருக்களில் வந்தவை மட்டும் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. அன்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றது; ஆனால் யூனிகோட் பரவும்வரை குழப்பம் தீரவில்லை. ரோமன் எழுத்தில் தமிழை எழுதியவர்களின் கடிதங்களோ நேராகப் படிக்கக் கிடைத்தன.

நான் முதலில் தேடியது கவிதையை அல்ல. என் பெயரை.

இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது. என் பெயர் பல இடங்களில் இருந்தது. அவற்றில் ஒன்று, எங்கள் இருவருக்கும் பொதுவான இன்னொரு நண்பர் 2001ல் எழுதியது. அவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார். அப்போது தன் வாழ்வில் நேர்ந்த ஒரு சரிவை அவர் அந்தக் கடிதத்தில் சொல்லியிருந்தார். அது யாருக்கும், முக்கியமாக எனக்கு, தெரியவேண்டாம் என்றும் கேட்டிருந்தார். அதே மாதத்தில்தான் அவருடைய தொகுப்பைப் பற்றி நான் எழுதிய விமர்சனம் வெளிவந்தது. தொகுப்பின் இறுக்கத்தை நான் பாவனை என்று சொல்லியிருந்தேன். அது பாவனை அல்ல என்று இத்தனை வருஷம் கழித்து, எனக்கு எழுதப்படாத ஒரு கடிதத்திலிருந்து, தெரிந்துகொண்டேன்.

நான் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. உடைப்பதற்குப் பூட்டே இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. என் நடத்தைக்கு அது சமாதானம் ஆகாது. ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2

கடிதம் யாருடையது என்ற விசாரணை பழையது. கவிஞர் அலெக்ஸாண்டர் போப்பின் கடிதங்களை எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரி அச்சிட்டு விற்றார். போப் வழக்குத் தொடுத்தார். 1741ல் ஹார்ட்விக் பிரபு வழங்கிய தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது. காகிதம் பெற்றவருடையது, அதிலுள்ள எழுத்தைப் பிரசுரிக்கும் உரிமை எழுதியவருடையது. பெற்றவர் கடிதத்தை வைத்திருக்கலாம், கிழிக்கலாம். ஊரறியச் செய்ய முடியாது. இன்று இந்தியாவில் 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின்கீழும் எழுத்து எழுதியவருடையதுதான். அவர் இறந்து 60 வருஷம் வரை அவருடைய வாரிசுகளுக்கு அந்த உரிமை செல்கிறது.

இது பிரசுரம் பற்றியது. திறந்து பார்ப்பது பற்றிய முக்கியமான தீர்ப்பு அமெரிக்காவில் 1878ல் வந்தது. ஜாக்ஸன் என்பவர் லாட்டரி விளம்பரத்தைத் தபாலில் அனுப்பியதற்காகத் தண்டிக்கப்பட்ட வழக்கு. அவருடைய தண்டனையை ஸுப்ரீம் கோர்ட் ரத்து செய்யவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு விதியைச் சொன்னது: உறையிட்டு ஒட்டிய கடிதம் தபாலில் போய்க்கொண்டிருக்கும்போதும், அனுப்பியவரின் வீட்டுக்குள் இருப்பது போலவே பாவிக்கப்பட வேண்டும், தேடுதல் வாரண்ட் இல்லாமல் அதைத் திறக்கக்கூடாது. கடிதத்தின் அந்தரங்கத்துக்கு உவமை தேடிய நீதிபதிகளுக்கு வீட்டைத் தவிர வேறு அகப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தெரு அபாயமானது, வீடு பத்திரமானது. கடிதம் தெருவில் போகும்போதும் ஒரு சிறிய வீட்டுக்குள்தான் போகிறது. அந்த வீடுதான் உறை.

இந்த உவமையை அடுத்த நூறு வருஷம் யாரும் சந்தேகிக்கவில்லை. மின்னஞ்சலை உருவாக்கியவர்களும், அதற்குச் சட்டம் எழுதியவர்களும் இதே படத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

3

1971ல் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ரே டாம்லின்ஸன் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்திலிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பினார். நெட்வொர்க் வழியாகப் போன முதல் மின்னஞ்சல் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் தபால் பெட்டி என்பது ஒரு ஃபைல், அவ்வளவுதான். மற்றவர்கள் அதன் கடைசியில் எழுத்தைச் சேர்க்கலாம். உள்ளே இருப்பதைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. தெருவோரத் தபால் பெட்டியின் வாய் போல, போடலாம், எடுக்க முடியாது. ஆக, முதல் பெட்டிக்கு ஒரு காவல் இருந்தது. அந்தக் காவலைக் கொடுத்தது பலர் சேர்ந்து உபயோகித்த பெரிய கம்ப்யூட்டர். பலர் இருக்கும் இடமாதலால் எந்த ஃபைல் யாருடையது என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை நிர்வகிப்பவருக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும்.

பிறகு மனிதர்கள் தனித்தனிக் கம்ப்யூட்டர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய தபாலும் அங்கே வர வேண்டும் அல்லவா? 1984 அக்டோபரில் 'தபாலாபீஸ் நெறிமுறை' என்ற பெயரில் ஒரு விதித்தொகுப்பு எழுதப்பட்டது. 1988ல் வந்த அதன் மூன்றாவது வடிவம் உலகமெங்கும் பரவியது. அதன் சடங்கு எளிமையானது. உன் பெயரைச் சொல், கடவுச்சொல்லைச் சொல், என்ன வந்திருக்கிறது என்று கேள், வாங்கிக்கொள், வாங்கியதை அங்கே அழிக்கச் சொல், போ. தபாலாபீஸில் கடிதம் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்துவிடும்.

சட்டமும் இதையே நம்பியது. 1985ல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லும் அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. ஒரு மின்னஞ்சலை அந்நியர் கைப்பற்றக்கூடிய இடங்களை அது ஐந்தாக வகுத்தது: அனுப்புபவரின் இயந்திரம், போகும் வழி, பெறுபவரின் பெட்டி, காகிதத்தில் அச்சான பிரதி, அஞ்சல் கம்பெனியின் சொந்தக் கோப்பு. மறுவருஷம், 1986 அக்டோபர் 21ஆம் தேதி, மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டத்தில் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்டார். அதில் இன்று நமக்கு விநோதமாகப் படும் ஒரு விதி இருந்தது. கம்பெனியிடம் 180 நாட்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் கடிதத்தைப் போலீஸ் எடுக்க வாரண்ட் வேண்டும். 180 நாட்களைத் தாண்டியதற்கு அதைவிட எளிய உத்தரவு போதும். ஆறு மாதமாக ஒருவன் தபாலாபீஸில் கடிதத்தை விட்டுவைத்திருந்தால் அவன் அதைக் கைவிட்டுவிட்டான் என்பது இதன் பின்னிருந்த எண்ணம். வேண்டியதென்றால் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பானே! 2010ல் ஓர் அமெரிக்க அப்பீல் கோர்ட், கம்பெனியிடம் இருக்கும் கடிதத்துக்கும் வாரண்ட் வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அந்த விதியின் பிடி தளர்ந்தது.

வீட்டுக்கு வந்த கடிதத்துக்கு என்ன ஆகும் என்று அந்தச் சட்டம் தனியாகக் கவலைப்படவில்லை. வீடு என்றால் பத்திரம் என்று 1878லேயே முடிவாகியிருந்தது.

4

1988ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் என்பவர் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக ஒரு மின்னஞ்சல் புரோகிராம் எழுதத் தொடங்கினார். அதற்கு யூடோரா என்று பெயர். இலக்கிய வாசகருக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். அமெரிக்கத் தென்பகுதியைச் சேர்ந்த எழுத்தாளர் யூடோரா வெல்ட்டியைத்தான் குறிக்கிறது. 1941ல் வெளிவந்த அவருடைய கதை ஒன்றில், குடும்பத்தோடு சண்டையிட்ட ஒரு பெண் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு தான் நடத்தும் தபாலாபீஸுக்கே குடிபோய்விடுகிறாள். இரவும் பகலும் தபால் புரோகிராமோடு கிடந்த டார்னருக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. கதையின் தலைப்பை அவர் திருப்பிப் போட்டு, நீ குடியிருக்கும் இடத்துக்கே தபாலாபீஸைக் கொண்டுவருகிறேன் என்று தன் புரோகிராமுக்கு ஒரு முத்திரை வாக்கியமும் செய்தார். 1991ல் குவால்காம் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் மின்னஞ்சல் என்றால் பலருக்கு யூடோரா என்றே அர்த்தம். 2006ல் குவால்காம் அதைக் கைவிட்டது. 2018ல் கலிபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று மியூஸியம் அதன் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது.

தபாலாபீஸ் வீட்டுக்கு வந்தது. காவல்காரன் வரவில்லை.

யூடோரா கடிதங்களைச் சேர்த்த முறை 1970களின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து வந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு ஃபைல். அதில் கடிதங்கள் வெறும் எழுத்தாக, ஒன்றின்கீழ் ஒன்றாக. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்ட 'யாரிடமிருந்து' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரி. அவ்வளவே. பெரிய கம்ப்யூட்டரில் இந்த ஃபைலுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. மற்றவர் படிக்கத் தடை உண்டு. அன்றைய மெக்கின்டாஷிலும் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் ஃபைலுக்குச் சொந்தக்காரர் என்ற எண்ணமே கிடையாது. ஒரு வீடு, ஒரு மனிதன், ஒரு இயந்திரம். பிறகு யாரிடமிருந்து யாரைக் காப்பது? நிர்வாகியின் கண்ணிலிருந்து தப்பித்து வந்த தனிமனிதன், அந்த நிர்வாகம் கொடுத்த சிறு தடுப்பையும் சேர்த்து இழந்தான். விடுதலையின் விலை என்று இதைச் சொல்லலாம். விலை கொடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

பின்னால் வந்தவை இதைத் திருத்தின என்றும் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த தண்டர்பேர்ட் அதே பழைய முறையில்தான் கடிதங்களைச் சேர்த்தது. அதில் வைக்கக்கூடிய தலைமைக் கடவுச்சொல், சேமித்து வைத்த மற்றக் கடவுச்சொற்களை மட்டும் காக்கும், கடிதங்களைக் காக்காது. மைக்ரோஸாஃப்டின் அவுட்லுக் தன் சேமிப்பு ஃபைலுக்கு ஒரு கடவுச்சொல்லை அனுமதித்தது. ஆனால் ஃபைலுக்குள் அது வைத்திருந்தது அந்தச் சொல்லிலிருந்து கணக்கிட்ட ஒரு சிறிய எண்ணை. வேறு எத்தனையோ சொற்களும் அதே எண்ணைக் கொடுக்கும். ஆகவே சரியான சாவி தேவையில்லை. பொருந்தும் சாவி ஒன்று போதும். அப்படிப்பட்ட சாவிகளைக் கண்டுபிடித்துத் தரும் புரோகிராம்கள் சர்வ சாதாரணமாகக் கிடைத்தன.

பூட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதல்ல. 1991ல் ஃபில் ஸிம்மர்மன் பிஜிபி என்ற ரகசியக் குறியீட்டுப் புரோகிராமை வெளியிட்டார். அது கடிதத்துக்கு உண்மையான உறை. ஆனால் இரு பக்கத்தவரும் சாவிகளைச் செய்துகொள்ள வேண்டும், பரிமாறிக்கொள்ள வேண்டும், தொலைக்காமல் இருக்க வேண்டும். கவிதை அனுப்பித் 'தேறுமா?' என்று கேட்பவர்கள் இதைச் செய்யவில்லை. அதற்காக இன்று நான் ஒரு வகையில் நன்றியோடு இருக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. நண்பர் பூட்டியிருந்தால் சாவி அவரோடு போயிருக்கும். அந்தக் கடிதங்களின் அடியிலிருந்து நான் எடுத்த பதினோரு கவிதைகளும் கிடைத்திருக்கா.

5

அந்தரங்கத்தின் கடைசிக் காவல் பூட்டு அல்ல, நெருப்பு. கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிப்பதும் எரிப்பதும் எல்லா நாட்டு மனிதர்களுக்கும் தெரிந்த மரியாதை. காஃப்கா தன் எழுத்தையும் கடிதங்களையும் எரித்துவிடும்படி மாக்ஸ் ப்ராடைக் கேட்டுக்கொண்டார். 1924ல் காஃப்கா இறந்த பிறகு ப்ராட் எரிக்கவில்லை. சரியோ தவறோ, ப்ராட் ஒரு முடிவெடுத்தார். ஆயுள் முழுவதும் அதற்குப் பதில் சொன்னார். எரித்தல், எரிக்காதிருத்தல் இரண்டுக்கும் ஒரு மனிதன் பின்னால் நின்றான்.

கம்ப்யூட்டரில் அழிப்பது என்பது வேறு விதமான காரியம். இதை உலகம் முதலில் பகிரங்கமாகத் தெரிந்துகொண்டது, அந்தச் சட்டத்தில் ரீகன் கையெழுத்திட்ட மறுமாதமே, அவருடைய வீட்டிலேயே. 1986 நவம்பரில் ஈரான்-கான்ட்ரா ஊழல் வெடித்தபோது வெள்ளை மாளிகையின் பாதுகாப்பு ஆலோசகர் பாயின்டெக்ஸ்டரும் அவர் கீழிருந்த ஆலிவர் நார்த்தும் தங்கள் மின்னஞ்சல்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். அழிந்ததாக நம்பினார்கள். காப்பு டேப்புகளில் அவை அப்படியே இருந்தன; விசாரணைக் குழு அவற்றை எடுத்துப் படித்தது. அதிகாரத்தின் ரகசியம் வெளிப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே இயந்திர நியதி அதிகாரம் இல்லாதவனையும் ஆள்கிறது.

ஸிம்ஸன் கார்ஃபிங்கெல், அபி ஷெலத் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 நவம்பரிலிருந்து 2002 ஆகஸ்ட் வரை பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158ஐக் கடைகளிலும் ஏலங்களிலும் வாங்கினார்கள். 129 வேலை செய்தன. சரியாகத் துடைக்கப்பட்டவை அவற்றில் 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் ஆயிரக்கணக்கில், மருத்துவக் குறிப்புகள், அந்தரங்கக் கடிதங்கள், மின்னஞ்சல்கள். விற்றவர்களில் பலர் அழித்துவிட்டுத்தான் விற்றிருந்தார்கள். அழித்தல் என்ற கட்டளை, பொருளடக்கத்திலிருந்து பெயரை எடுக்கிறது. பக்கத்தைக் கிழிப்பதில்லை.

மின்னஞ்சல் பெட்டியிலும் இதே கதை. பழைய முறையில் எல்லாக் கடிதமும் ஒரே நீண்ட ஃபைல். நடுவில் ஒன்றை எடுத்தால் பின்னாலிருப்பவை அத்தனையையும் முன்னால் நகர்த்த வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே புரோகிராம், கடிதத்தை அழிக்கச் சொன்னதும் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு எழுத்தை அங்கேயே விட்டுவைக்கிறது. ஃபைலைச் சுருக்கு என்று இன்னொரு கட்டளை தனியாக வந்தால்தான் அது உண்மையிலேயே போகும். பட்டியலைப் பார்ப்பவனுக்குக் கடிதம் இல்லை. ஃபைலைப் பார்ப்பவனுக்கு இருக்கிறது.

நான் படித்த 2001ஆம் வருஷத்துக் கடிதத்தின் கடைசி வரியை இதுவரை சொல்லவில்லை. 'படித்ததும் இதை அழித்துவிடு' என்பது அந்த வரி. பிறகு ஒரு நாள், நண்பர் உபயோகித்த அந்தப் பழைய புரோகிராமைத் தேடிப் பிடித்து, அதே பெட்டியை அதன் வழியாகத் திறந்து பார்த்தேன். பட்டியலில் அந்தக் கடிதம் இல்லை. அதற்கு முந்தியது இருந்தது, பிந்தியது இருந்தது. நண்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். மூன்றாம் மனிதரின் ரகசியத்தை அவர் எனக்கு விட்டுச் செல்லவில்லை. அவர் எரித்ததாக நினைத்த இடத்தில் எரியாமல் கிடந்தது.

6

நம்முடைய தபால் பெட்டி என்று சொல்கிறோம். அதில் இருப்பவற்றில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. காகிதக் காலத்தில் இந்தப் பிரச்னை ஓரளவு தானாகவே தீர்ந்திருந்தது. நமக்கு வந்தவை நம்மிடம். நாம் எழுதியவை பிறரிடம். எந்த ஒரு பெட்டியும் பாதி உரையாடல்தான். புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக நமக்குக் கிடைத்தன என்றால், பெற்றவர் வைத்திருந்ததால் கிடைத்தன. வைத்திருப்பது அங்கே ஒரு செயல். அன்பு என்றே சொல்லலாம். மின்னஞ்சல் புரோகிராம் வந்ததையும் போனதையும் சேர்த்து வைக்கிறது. நாம் ஒரு வரி பதில் எழுதினால் அதன்கீழ் மற்றவரின் முழுக் கடிதத்தையும் தொங்கவிடுகிறது. ஒருவரும் செய்யாத செயலால் முழு உரையாடலும் ஒரே இடத்தில் சேர்கிறது.

எரிசக்தி வியாபாரம் செய்த என்ரான் கம்பெனி 2001 டிசம்பரில் திவாலானது. விசாரணைக்காக அதன் கடிதங்களைக் கைப்பற்றிய அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 2003ல் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. ஆய்வுக்காகப் பல்கலைக்கழகங்களில் சுற்றும் பிரதியில் ஏறக்குறைய 150 பேருடைய பெட்டிகள், சுமார் 5 லட்சம் கடிதங்கள். மோசடி செய்த கம்பெனியின் கணக்கு வெளிவர வேண்டியதுதான். ஆனால் அதில் மனைவிகள் எழுதியது இருக்கிறது, விவாகரத்து இருக்கிறது, நோய் இருக்கிறது. என்ரானில் ஒரு நாளும் வேலை பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்ட சிலர் கேட்டுக்கொண்டதால் சில கடிதங்கள் பின்னால் நீக்கப்பட்டன. அதற்குள் பிரதிகள் எங்கெங்கோ போய்விட்டன.

இது ஓர் அரசாங்கம் செய்தது. 2018 அக்டோபரில் எமோடெட் என்ற திருட்டுப் புரோகிராமுக்குப் புதிய உறுப்பு ஒன்று முளைத்தது. அது தொற்றிய கம்ப்யூட்டரின் அவுட்லுக் பெட்டியிலிருந்து கடிதங்களை அப்படியே எடுத்துத் தன் எஜமானர்களுக்கு அனுப்பியது. பிறகு அந்தப் பழைய உரையாடல்களுக்கே பதில் எழுதுவதுபோல் எழுதி, நண்பர்களின் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் புகுந்தது. எத்தனை நாள் கடிதங்களை எடுத்தது? கடந்த 180 நாட்களுக்கானவற்றை. 1986ல் சட்டம் எழுதியவர்கள் கிழித்த அதே கோடு, தற்செயல்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட கடிதத்துக்கு உயிர் இருக்கிறது என்று சட்டமும் நினைத்தது, திருடனும் நினைத்தான். திருடனுக்கு வேண்டியிருந்தது ரகசியம்கூட அல்ல, நம்பிக்கை. இன்னார் இன்னாரோடு எப்படிப் பேசுவார் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஸூஸன் ஸோன்டாக் 2004 டிசம்பரில் இறந்தார். அவருடைய காகிதங்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகம் வாங்கியிருந்தது. அவற்றோடு அவருடைய கம்ப்யூட்டர்களில் இருந்தவையும் சேர்ந்தன. 17,198 மின்னஞ்சல்கள். நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தால் படிக்கலாம். அவருடைய டயரிகளைத் தொகுத்த மகன் டேவிட் ரீஃப் 2008ல் எழுதிய முன்னுரையில் தன் சங்கடத்தை மறைக்கவில்லை. காகிதங்கள் கட்டுப்பாடு இல்லாமல் விற்கப்பட்டுவிட்டன. தான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள். ஆகவே செய்தேன் என்பது அவர் நிலை. டயரி எழுதுபவர் தன்னைத்தான் அம்பலப்படுத்துகிறார். மின்னஞ்சல்களில் ஸோன்டாகுக்கு எழுதியவர்கள் யாரும் நூலகத்துக்கு எதையும் விற்கவில்லை.

எழுத்தாளனின் அந்தரங்கம் இலக்கியத்துக்குத் தேவை என்று வாதாடுபவர்கள் நம்மிடையே உண்டு. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது எனக்கு அந்த வாதத்தில் பழைய உறுதி இல்லை. 2001ல் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தால் என் விமர்சனம் நல்ல விமர்சனமாக இருந்திருக்குமா? இரக்கம் வந்திருக்கும். தொகுப்பைப் பற்றிய என் பார்வை கூர்மையாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. கவிதையில் இருந்த இறுக்கத்தைக் கவிதையிலேயே வைத்துப் படிக்க எனக்குத் தெரியவில்லை. குறை அங்கே இருந்தது, தகவலில் அல்ல.

7

காத்தல் என்ற ஒரே சொல்லில் நம் மொழி இரண்டு காரியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கெடாமல் வைத்திருப்பது ஒன்று. அந்நியர் கை படாமல் பார்த்துக்கொள்வது மற்றது. ஓலைப்பெட்டியில் வைத்த கடிதத்துக்கு இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே மனிதரால் நடந்தது. வீட்டுக்குள் வந்த தபாலாபீஸ் முதல் காரியத்தை இதுவரை யாரும் செய்யாத அளவுக்குச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை. வீடு செய்துகொள்ளும் என்று விட்டுவிட்டது. வீடோ, தன்னிடம் இப்படி ஒரு பொறுப்பு வந்திருப்பதை அறியவே இல்லை. இப்போது பெரும்பாலோர் கடிதங்களை வீட்டில் வைத்துக்கொள்வதும் இல்லை. பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் வைத்திருக்கிறோம், டாம்லின்ஸன் காலத்து நிர்வாகியிடம் திரும்பிப் போனது போல. அங்கே பூட்டு இருக்கிறது. சாவி நம்மிடம் மட்டும் இருப்பதில்லை. ஆனால் பழைய பெட்டிகள் போய்விடவில்லை. பரண்களிலும் பழுது பார்க்கும் கடைகளிலும் இறந்தவர்களின் மேஜைகளுக்கு அடியிலும் அவை இருக்கின்றன.

நான் செய்தது இது. பதினோரு கவிதைகளையும் பிரதியெடுத்து நண்பரின் மனைவியிடம் கொடுத்தேன். பெட்டியைச் சுருக்கும்படி அந்தப் பழைய புரோகிராமுக்குக் கட்டளையிட்டேன். டிஸ்க்கின் காலி இடத்தின்மேல் வெற்று எழுத்துக்களை எழுதச் செய்தேன். நண்பர் அழித்தவை அனைத்தும், அவர் நினைத்தபடியே அழிந்தன. அவர் வைத்திருந்த எதையும் நான் தொடவில்லை. எதை வைத்திருப்பது என்று முடிவு செய்தவர் அவர். நான் அவருடைய வேலையின் மிச்சத்தை முடித்தேன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதில் மற்றவர்களுடைய கடிதங்கள் இருக்கின்றன, பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பிறகு அந்த மூன்றாவது நண்பரைப் பார்க்கப் போனேன். படித்ததைச் சொன்னேன். விமர்சனத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் விமர்சனத்தைப் பற்றிப் பேசவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'கிழிச்சிடச் சொல்லி எழுதியிருந்தேனே' என்றார்.

'கிழிச்சிட்டார்' என்றேன்.